காட்டேரிக்கு மனைவி

1975-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருந்த அவர்கள் வீட்டுக்குச் சிதம்பரநாதன் கதை சொல்ல வந்தான். கணேசமூர்த்தி குடிக்காமல் இருக்க ஆரம்பித்து அன்று நாற்பத்து மூன்றாவது நாள். அந்த எண்ணை அவன் மனைவி சுந்தரவல்லி யாரிடமும் சொன்னதில்லை. காலண்டரில் குறித்து வைத்ததும் இல்லை. தினமும் காலையில் எழுந்தவுடன் மனத்துக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

சுந்தரவல்லி டெலிபோன் ஆபரேட்டர். தியாகராய நகர் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிய கருவியோடு எட்டு மணி நேரம் யார் யாருடைய குரலையோ யார் யாருக்கோ இணைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். குடும்பம் அவள் சம்பளத்தில் ஓடியது. கணேசமூர்த்தி உரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவன். சாயங்காலங்களில் மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் போடும் குழுவில் நடிப்பான். அவன் மேடையில் சும்மா நின்றாலே ஜனங்கள் அவனைத்தான் பார்ப்பார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவர்களுக்கு ஒரு குழந்தை ஏழாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு குழந்தை இல்லை. 1971-இல் மதுவிலக்கு நீங்கிச் சாராயக் கடைகள் திறந்தபோது, நாடகம் முடிந்த பின் நண்பர்களோடு ஒரு தடவை என்று போனான். அப்புறம் நாடகம் தேவைப்படவில்லை, நண்பர்களும் தேவைப்படவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கடைகளை மூடியபோது, கடை இல்லாமலே வாங்குகிற இடங்கள் அவனுக்குத் தெரிந்திருந்தன. வேலை போயிற்று. நாடகக் குழுவும் கூப்பிடுவதை நிறுத்தியது. அந்த ஆனியில் அவளே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். திரும்பிக் கூட்டி வரும்போது டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, இது நோய்தான், ஆனால் இதற்கு மருந்து அவரிடம்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை என்று சொன்னார். சரி என்று தலையாட்டினாள். நம்பவில்லை.

சிதம்பரநாதன் கணேசமூர்த்தியின் ஊர்க்காரன், பழைய நாடக நண்பன். பத்து வருஷமாகக் கோடம்பாக்கத்தில் எடிட்டிங் உதவியாளனாக மற்றவர்களின் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கப் போகிறானாம். பெயர் ‘நாவறட்சி’. பாயில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் முழுக் கதையையும் சொன்னான்.

மயிலாப்பூரில் ஓர் ஆபீஸ் குமாஸ்தா. கூட்டமான மின்சார ரயிலில் எவனோ ஒருவன் அவன் கழுத்தில் கடித்துவிடுகிறான். அன்றிலிருந்து அவனுக்கு ரத்த தாகம். முதலில் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட இடத்தில் விரலை வைத்து ருசி பார்க்கிறான். பிறகு கசாப்புக் கடைக்குப் போகிறான். இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று ஒவ்வொரு நாளும் சத்தியம் செய்கிறான். கடைசியில் அவன் சாகாமல் இருக்க மனைவியே தன் கையைக் கீறிக் கொடுக்க ஆரம்பிக்கிறாள். கோரைப்பல் கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. வேட்டி சட்டை போட்ட ஒரு ரத்தக் காட்டேரி.

சுந்தரவல்லிக்குக் கதை புரிந்தது. குடிகாரன் கதையைக் குடிகாரன் கதையாகவே எடுத்தால் என்ன என்று கேட்டாள்.

“குடிகாரனக் காட்டினா எவன் மதினி தியேட்டருக்கு வருவான்? அவனத்தான் தெனமும் வீட்டுல பாத்துக்கிட்டிருக்கானே. காட்டேரின்னா வருவான். வந்து உக்காந்த பொறவு அவன் வீட்டையே பாப்பான்” என்றான் சிதம்பரநாதன்.

அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த கணேசமூர்த்தி அப்போது வாயைத் திறந்தான். “அவன் பொய் சொல்றப்போ பொண்டாட்டி முகத்த நேராப் பாத்துச் சொல்லணும் சிதம்பரம். வேற எங்கயாவது பாத்துச் சொல்றவன் புதுசுன்னு அர்த்தம்.”

சிதம்பரநாதன் அதை உடனே நோட்டில் எழுதிக்கொண்டான். சுந்தரவல்லி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் கண்ணில் வெளிச்சம் இருந்தது. மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அடையாற்றில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு பழைய பங்களா கிடைத்தது. அதன் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் படம் எடுத்த அப்துல் வஹீத் கேட்டதால் சாவியைக் கொடுத்தார்கள். வஹீத் மயிலாப்பூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர், ஐம்பது வயதுக்காரர். சினிமா கேமராவுக்குப் பின்னால் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. கேமரா பகலில் மட்டும்தான் கிடைக்கும், ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் காட்டேரிப் படம் முழுவதையும் பட்டப்பகலில் எடுத்தார்கள். ஜன்னல்களில் கம்பளியும் கறுப்புத் துணியும் வைத்து ஆணி அடித்தார்கள். மின்விசிறி போட்டால் துணி விலகி வெளிச்சம் உள்ளே வந்துவிடும் என்று அதையும் போடவில்லை. வெளியே ஆவணி வெயில் காய்ந்தது. உள்ளே இரண்டு விளக்குகளின் சூட்டில், மூடிய பாத்திரத்துக்குள் இருப்பது போல இருந்தார்கள்.

ஃபிலிம், பெரிய படங்களில் எடுத்து மிச்சமான துண்டுச் சுருள்கள். ஒன்று ஒரு நிமிஷம் ஓடும், இன்னொன்று இரண்டு நிமிஷம். எதையும் இரண்டாம் முறை எடுக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை, கெட்டியாக இருந்தால் போதும். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வைத்திருந்தார்கள். பத்து மணிக்குள் கணேசமூர்த்தியின் சட்டைக் காலரில் எறும்பு ஏறிவிடும்.

மனைவியாக நடிக்க வந்த பெண்ணை இரண்டாம் நாள் அவள் அம்மா வந்து கூட்டிப் போய்விட்டாள். கல்யாணமாகாத பெண் கையில் ரத்தம் வழிவது போல நடிப்பது ஆகாதாம். சிதம்பரநாதன் அன்று சாயங்காலமே மேற்கு மாம்பலத்துக்கு வந்து சுந்தரவல்லியைக் கேட்டான். வசனத்தை எல்லாம் பிறகுதான் பதிவு செய்வார்கள், அதனால் தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, முகம் மட்டும் போதும் என்றான். அவள் கணவனைப் பார்த்தாள். அவன், “வாயேன் வல்லி” என்றான். பக்கத்தில் இருந்தால் கண்காணிக்கலாம் என்றும் அவளுக்குத் தோன்றியது. இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

அவளுக்கு நடிப்பு தெரியாது, தேவைப்படவும் இல்லை. வாசலில் காத்திருப்பது, காலடிச் சத்தத்தை வைத்தே ஆள் எப்படி வருகிறான் என்று கணிப்பது, பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவது எல்லாம் நான்கு வருஷமாகச் செய்துவந்தவைதான். வஹீத் ஒவ்வொரு முறையும் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு அவளை ஒரு கணம் பார்ப்பார்.

ஒரு வாரம் போயிற்று. கணவன் ஒரு சின்னக் குப்பியில் ரத்தத்தைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் காட்சி அன்று. சுந்தரவல்லி யோசிக்காமல், “அங்க வைக்க மாட்டாக” என்று சொல்லிவிட்டாள். வேறே எங்கே வைப்பான் என்று சிதம்பரநாதன் ஆவலாகக் கேட்டான்.

அவள் சொன்னாள். தலையணையில் ஓரத் தையலைப் பிரித்துப் பஞ்சுக்குள் வைத்து மறுபடி தைத்துவிடுவான். மடக்கின குடைக்குள் வைப்பான். தையல் மெஷினின் அடிப்பெட்டியில், அரிசிப் பானையில் முழங்கை ஆழத்தில், சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், அறையில் யாரும் அசையவில்லை என்பதைக் கவனித்து நிறுத்தினாள். கணேசமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உதட்டில் கருப்பட்டிப் பாகு காய்ந்திருந்தது.

“எல்லாம் தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“எப்போதிருந்து?”

“மொதல்ல இருந்தே.”

“பொறவு ஏன் ஒரு நாளும் கேக்கல?”

கேட்டால் வேறு இடத்தில் ஒளிப்பான், அதைத் தேட வேண்டும். கேட்காமல் இருந்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றாவது தெரியும். இதை எட்டுப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது. சிதம்பரநாதன் தலையணையையே எடுப்போம் என்றான். எடுத்தார்கள். தலையணையைப் பிரிக்கிற கையை வஹீத் கிட்டத்தில் படம் பிடித்தார். அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கு நான்காம் நாள், கணேசமூர்த்தியிடம் ஏலக்காய் வாசனை வந்தது.

குடித்த நாட்களில் நெடி தெரியாமல் இருக்க அவன் மெல்லுவது அது. சுந்தரவல்லிக்கு அது போதும். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து, அறுபத்து ஒன்பது என்று ஒன்றைக் கூட்டிக்கொண்டாள். அதற்கு மறுநாள் எழுபது. பொய் என்று தெரிந்தும் கூட்டினாள். படப்பிடிப்பில் அவன் அற்புதமாக நடிக்க ஆரம்பித்திருந்தான். விரல் நடுக்கம், கண் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவது, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருப்பது. லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூட வாய் பிளந்து பார்த்தார்கள்.

அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சொன்னவர் வஹீத். “தங்கச்சி, நான் முப்பது வருஷமா மனுஷங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். போன வாரம் இவரு செஞ்சது நடிப்பு. இப்ப செய்யறது நடிப்பு இல்ல.”

தனக்குத் தெரியும் என்றாள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. வஹீத் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

சமையலறையில் பங்களாவின் வாட்ச்மேன் கன்னியப்பன் ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒளிக்கப் பார்த்தான், பிறகு ஒளிக்காமல் அப்படியே நின்றான்.

“இன்னாம்மா பண்றது. டைரக்டரு வாங்கியாரச் சொன்னாரு. அந்தாளு காலைல வந்தா கை ஒதறிக்கினு கீது. சட்டைப் பித்தான் போட முடியல. நானு பார்த்துக்கினு நிக்கிறதா?”

சிதம்பரநாதன் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் அடுத்த காட்சியை எழுதிக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதைப் பார்த்ததுமே நோட்டை மூடினான். மறுக்கவில்லை. முதல் நாள் கணேசமூர்த்தி தானாகத்தான் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தான், அது தனக்குத் தெரியாது என்றான். அடுத்த நாள் நடுக்கத்தில் நிற்கவே முடியவில்லை, படம் நின்றுவிடும் போல இருந்தது, அதனால் ஒரே ஒரு தம்ளர் என்று வாங்கி வரச் சொன்னான். அப்புறம் அது தினமும் ஆகிவிட்டது.

“இன்னும் மூணு நாள்தான் மதினி. முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரியில சேத்திருதேன்.”

அவள் வாயில் வந்ததை எல்லாம் சொன்னாள். அவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டான். பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். அண்ணன் குடித்தே செத்தவன். கடைசி ஒரு வருஷம் அவனால் வெளியே போக முடியவில்லை. அம்மாதான் தினமும் வாங்கிவந்து, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மோர்ச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையாலேயே கொன்றாள் என்று ஊர் பேசியது. கையைக் கீறிக் கொடுக்கிற மனைவியை அவன் எழுதியது அதனால்தான். அம்மா செய்தது பாசம் என்று ஜனங்கள் அழுதுகொண்டே ஒத்துக்கொள்ள வேண்டும்.

சுந்தரவல்லிக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் அவள் தங்கை கல்யாணம். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் கணவன் கை நடுங்காமல் நிற்க வேண்டுமே என்று, அவளே ஒருவரைப் பிடித்து ஒரு பாட்டில் வரவழைத்து, அளந்து மூன்று வேளை கொடுத்தாள். அவன் அழகாக நின்றான், மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தான். எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது சிதம்பரநாதன் செய்ததும் அதுதான்.

அவள் போயிருக்கலாம். கணவனைக் கூட்டிக்கொண்டு அன்றே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் படம் பாதியில் நின்றால் அவனுக்குப் பிறகு எதுவுமே இல்லை, அவன் அதைச் சாக்காக வைத்தே குடிப்பான். இருந்தால் தினமும் கண் முன்னால் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தம்ளர் இருந்தது. மத்தியானம் முழுக்கக் கம்பளி மாட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் காலையில் கன்னியப்பன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அவளே அளந்து ஊற்றினாள். அவன் ஊற்றினால் அளவு தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணேசமூர்த்தி வாங்கிக்கொண்டபோது அவள் முகத்தை நேராகப் பார்த்து, “இதுதான் கடைசி வல்லி” என்றான்.

மூன்றாம் நாள் கடைசிக் காட்சி. கணவன் தன்னை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறான். வெளியே தாழ்ப்பாள் போடுகிறாள் மனைவி. தாகம் ஏற ஏற உள்ளேயிருந்து கெஞ்சுகிறான். தாங்க முடியாமல் அவள் கதவைத் திறந்து, கையைக் கீறி நீட்டுகிறாள். அவன் குடிக்கிறான், அவள் சரிந்து விழுகிறாள். அதோடு படம் முடிகிறது. மிச்சம் இருந்தது ஒரே சுருள், இரண்டு நிமிஷம் ஓடும். கேமரா கூடத்தில் அவள் முகத்தைப் பார்த்து நின்றது. அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஜன்னலில் கம்பி. கதவு கனமான தேக்கு.

கணேசமூர்த்தி உள்ளே போகும்போது அவன் கையைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்தவன் விரல்கள் மரத்தில் படபடவென்று தட்டின. அன்று காலையில் அவனுக்குக் கொடுக்க வேண்டியதைத் தான் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டதாகச் சிதம்பரநாதன் சொன்னது பொய் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் கன்னியப்பன் உள்ளங்கையால் மூடிய தம்ளரோடு நின்றான். ஷாட் முடிந்த பிறகு கொடுப்பதற்காக.

சிதம்பரநாதன் தாழ்ப்பாளைப் போடச் சொன்னான். போட்டாள். கேமரா ஓடத் தொடங்கியது.

முதலில் கணேசமூர்த்தி, தனக்கு எழுதிக்கொடுத்த வசனத்தைச் சொன்னான். தாகமாக இருக்கிறது, ஒரு துளி போதும் என்றான். பிறகு எழுதிக்கொடுக்காததைச் சொன்னான்.

“வல்லி, தொற. நீ நிக்கிறது தெரியுது. ஒரு வாய்தான், பொறவு கேக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்.”

கதவு அதிர்ந்தது. அவள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். கதையிலும் அதுதான் எழுதியிருந்தது.

“ஒனக்கு வலி வந்தன்னிக்கு மழையில தூக்கிட்டு ஓடினேன்ல. ரிக்‌ஷா கெடைக்காம அம்புட்டு தூரம் ஓடினேன்ல. அதுக்காகவாவது தொற வல்லி.”

அவள் திறக்கவில்லை. சிதம்பரநாதன் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து கையால் சைகை காட்டினான். திற, திற. அவள் அவனையும் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் தம்ளரையும் பார்த்தாள். பிறகு கதவுக்கு மிக அருகில், மெதுவான குரலில் கணேசமூர்த்தி சொன்னான்.

“புள்ளய முழுங்குனவதானே நீ. ஒனக்கு எப்படி எரக்கம் வரும்?”

அவள் கண்ணை மூடினாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். கதவில் முதுகைச் சாய்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கேமராவின் சத்தம் மாறியது. வஹீத் நிமிர்ந்து, ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்றார்.

“பரவாயில்ல மதினி, எந்திரிங்க. தொறங்க” என்றான் சிதம்பரநாதன். அவன் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. உள்ளே இப்போது அழுகையும் மோதலுமாகக் கேட்டது.

அவள் எழுந்தாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை. வஹீத் அண்ணே, ஒரு டாக்ஸி கூட்டிட்டு வாங்க என்றாள். சிதம்பரநாதன் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினான். அவள் அதன் மேல் முதுகை வைத்து மறைத்தாள்.

“இப்பத் தொறந்தா அந்தத் தம்ளர் அவுக கைக்குப் போயிரும். நீங்க குடுக்கலன்னா நான் குடுப்பேன். எனக்கு என்னயத் தெரியும். டாக்ஸி வாசல்ல வந்து நிக்கட்டும், பொறவு தொறக்கேன்.”

வஹீத் போகிற வழியில் கன்னியப்பன் கையிலிருந்த தம்ளரை வாங்கி முற்றத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போனார். கன்னியப்பன் தடுக்கவில்லை. வெளியே போய்க் கேட்டைத் திறந்து வைத்தான்.

டாக்ஸி வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் கணேசமூர்த்தி கெஞ்சினான், திட்டினான், ஒரு முறை சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம் அடங்கிவிட்டான். சத்தத்தைத் தாங்கிக்கொண்டு நின்ற சுந்தரவல்லிக்கு அந்த அமைதி தாங்கவில்லை. கதவில் வாயை வைத்து, “டாக்ஸி வருது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். கேக்குதா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தரைக்குச் சமீபத்திலிருந்து அவன் குரல் வந்தது.

“நீயும் வருவியா?”

“வருவேன்.”

கதவைத் திறந்தபோது அவன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். கை முட்டிகள் தோலுரிந்திருந்தன. கழுத்தில் எறும்புகள். வஹீத்தும் கன்னியப்பனும் தூக்கி வந்தார்கள். சட்டையில் கறை கண்ட டாக்ஸிக்காரர் போலீஸ் கேஸ் என்று நினைத்து ஏற்ற மாட்டேன் என்றார். வஹீத் அந்தக் காலரை விரலால் வழித்து நாக்கில் வைத்துக் காட்டி, கருப்பட்டிப் பாகு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வஹீத்தும் கூட வர, மூன்று பேரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணேசமூர்த்தி நடுவில். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் அவளைப் பார்க்கவில்லை. கையை மட்டும் விடவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தான். விடப்போகிற அன்று, வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அதைச் சொல்வதற்கு முன் மூன்று நாள் அவள் தூங்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்தால் தான் எதையாவது ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பேன், அது சாராயம் இல்லாவிட்டால் வேறே ஏதாவது என்று அவனிடமே சொன்னாள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. வஹீத் தன் ஸ்டூடியோவின் பின்னறையில் இடம் கொடுத்து, போட்டோ கழுவும் வேலையும் கொடுத்தார். ஐப்பசி மழையில் ஒரு தடவை சறுக்கினான். இரண்டு நாள் காணவில்லை. மூன்றாம் நாள் அவனே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு தொடவில்லை. சுந்தரவல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்ப்பாள். நாள் எண்ணுவதை விட்டுவிட்டாள். அவன் எண்ணுகிறானா என்று கேட்டதில்லை.

பங்குனியில் சிதம்பரநாதன் அவர்கள் இருவரையும் வசனம் பதிவு செய்யக் கோடம்பாக்கத்துக்கு வரச் சொன்னான். கதவைத் திறக்கிற காட்சியை வேறே ஃபிலிம் வாங்கி எடுக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தான். ஆனால் எடிட்டிங் மேசையில் அந்த இரண்டு நிமிஷத்தைப் பல தடவை பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டதாம். “எங்கம்மாகிட்ட இப்படியும் இருக்கலாம்னு யாரும் சொல்லல மதினி” என்று மட்டும் சொன்னான். அவள் அவனை மன்னிக்கவில்லை. வந்ததற்குக் காரணம், கணேசமூர்த்தி கேட்டுக்கொண்டது.

பதிவு அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை தைத்திருந்தது. கனமான கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடியோடு நின்றது. எதிரே திரையில், ஃபிலிமை வளையமாக ஒட்டி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதைப் பார்த்துப் பேச வேண்டும். கணேசமூர்த்தி மைக் முன்னால் நின்றான். அவன் முகம் திரையில் இல்லை. கதவு முன்னால் அவள் மட்டும் நின்றாள். கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள், எடுத்தாள், உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து நின்றாள்.

அன்றைக்கு உள்ளேயிருந்து தான் பேசியது எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. யாரும் எழுதிவைக்கவும் இல்லை. கேமராச் சத்தத்தில் மற்றவர்களுக்குப் பாதிதான் கேட்டிருந்தது. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். பக்கத்தில் நின்று, எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்வது போலத் தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி மைக்கில் சொன்னான். தொற வல்லி. ஒரு வாய்தான். எங்கம்மா மேல சத்தியம். மழையில் ஓடியதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னான்.

பிறகு திரையில் அவள் கண்ணை மூடுகிற இடம் வந்தது. போயிற்று. சுற்றி மறுபடி வந்தது.

“இந்த எடத்துல நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. கதவத் தட்டுனீங்க.”

வளையம் இன்னொரு முறை சுற்றியது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் பத்து வருஷம் நின்றவன். எந்த முகம் எதைக் கேட்டால் அப்படி மூடும் என்று அவனுக்குத் தெரியும்.

“வல்லி” என்றான்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, மற்ற வரிகளைச் சொன்ன அதே குரலில், அந்த வரியையும் சொன்னாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிதம்பரநாதன் ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னான். திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. கணேசமூர்த்தி மைக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கியது. அவள் போய்த் தொடவில்லை. தொட்டுத் தேற்றிவிடக் கூடாது என்று இருந்தாள். அது எளிதாக இல்லை.

வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கினான். “இத நான் திரும்பச் சொல்ல மாட்டேன் சிதம்பரம். இந்த எடம் சும்மா இருக்கட்டும்.”

அப்படியே விட்டார்கள். படத்தில் அந்த இடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த வருஷம் ஒரு திரைப்படச் சங்கத்தில் நாற்பது பேருக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, ஒலி அறுந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். வேறு எங்கும் அது ஓடவில்லை.

அன்று பதிவு முடிந்து வெளியே வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. வெயிலில் கண் கூசியது. இருவரும் பஸ் ஸ்டாப் வரை ஒன்றாக நடந்தார்கள். அவன் மயிலாப்பூருக்குப் போக வேண்டும், அவள் மேற்கு மாம்பலத்துக்கு. நிழலுக்காக ஒரு கடையின் ஓரமாக நின்றார்கள்.

“அத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை.

“இருந்திருக்கலாம்” என்றாள்.

அவன் எதையோ கேட்க நினைப்பதும் கேட்காமல் விழுங்குவதும் தெரிந்தது. அவளே சொன்னாள்.

“வர்ற ஞாயித்துக்கெழமை நான் அங்க வரல. நீங்க வாங்க, சாப்பிட. சாயங்காலம் திரும்பிரணும். மத்தத பொறவு பாப்போம்.”

அவன் சரி என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டான். பதினொன்றரைக்கு என்றாள். அவள் பஸ் வந்தது. கூட்டம் அதிகமாக இருந்தது, ஏறி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கம்பியைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது, அவன் இன்னும் நிழலில் நின்று தன் பஸ்ஸுக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.